மறுகரை வரை

மல்கிரேவ், மெல்பேர்ன்
9 மார்ச் 1975

அன்புள்ள தங்கச்சி யோகாவுக்கு,

உன் கடிதம் வந்து பதினொரு நாளாகிவிட்டது. பதில் பிந்தியதற்கு ஒரு காரணம் உண்டு. அது நல்ல காரணமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. அறுபத்து மூன்று வயதில், வாரத்தில் மூன்று நாள், நகரத்தில் ஒரு சிறிய திட்டமிடல் அலுவலகத்தில். வழி செய்தவன் உன் மகன் சிவபாலன். அவன் டாக்டராக இருக்கும் ஊர் மரே ஆற்றின் வடகரையில் இருப்பதும், எதிரே தென்கரையில் இன்னோர் ஊர் இருப்பதும் உனக்குத் தெரியும். இடையில் இருப்பது ஒரு பாலம். ஆனால் இரண்டும் இரண்டு மாநிலம். ஆறு முழுவதும் வடக்கு மாநிலத்துக்குச் சொந்தம்; தென்கரைக்காரன் கால் நனைத்தால் எல்லை கடந்துவிட்டான் என்பது சட்டம். இதனால் ஆம்புலன்ஸ், தீயணைப்பு, மீட்புப் படகு எல்லாம் கரையில் வந்து அனுமதிக்காக நிற்கின்றன.

ஐரோப்பாவில் ஒல்லாந்து, ஜெர்மனி எல்லையில் இருக்கும் சிற்றூர்கள் இதைத் தங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொண்டிருக்கின்றன. முப்பது வருடத்துக்கு முன் ஒருவரை ஒருவர் சுட்டவர்கள் இன்று ஒரே தீயணைப்பு வண்டியை வைத்திருக்கிறார்கள். அந்த ஒப்பந்தங்களைப் பார்த்து இங்கும் ஒன்று எழுத வேண்டும் என்று இரண்டு ஊர்ச் சபைகளும் விரும்புகின்றன. “என்ர மாமாவுக்கு ஒல்லாந்து பாஷை தெரியும்” என்று சிவபாலன் எங்கோ வாய்விட்டிருக்கிறான். 1958இல் இலங்கை நில அளவைத் திணைக்களம் என்னை ஒல்லாந்தில் உள்ள டெல்ஃப்டுக்குப் படிக்க அனுப்பியபோது பதினான்கு மாதத்தில் பொறுக்கிய மொழி அது. அது போதுமா என்று எனக்கு ஒவ்வொரு நாளும் சந்தேகம்.

என் வேலை முறையை உனக்குச் சொன்னால் சிரிப்பாய். ஒல்லாந்திலிருந்து நேரே ஆங்கிலத்துக்குப் போக எனக்குப் பயம். முதலில் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். பொருள் பிடிபட்டபின் ஆங்கிலம். மீட்புப் படகுப் பிரிவின் தமிழை இத்துடன் அனுப்புகிறேன். நீ முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவள்; பிழை இருந்தால் சொல்லு.

“தென்கரைப் படகு அனுமதி கேட்டு நிற்காமல் மறுகரை வரை செல்லலாம்.”

உன் அண்ணன்,
நித்தியானந்தன்


ஹோம்புஷ், சிட்னி
20 மார்ச் 1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

வேலை கிடைத்தது சந்தோஷம். உங்கள் மகன் இந்திரகுமார் வேலைக்குப் போனபின் நீங்கள் தனியே சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதை விட எதுவும் நல்லது.

திருத்தச் சொன்னீர்கள். திருத்துகிறேன், பிறகு கோபிக்கக் கூடாது. “மறுகரை வரை” என்று எழுதியிருக்கிறீர்களே, மறுகரையும் சேர்ந்ததோ, சேராததோ? “ஒன்று முதல் பத்து வரை எண்ணு” என்றால் பத்தையும் எண்ண வேண்டும். “என்னை வீடு வரை கொண்டுவந்து விட்டார்” என்றால் அவர் வீட்டுக்குள் வந்தாரோ? கேற்றோடு போயிருப்பார். எங்களூரில் “வீடு மட்டும்” என்று சொன்னாலும் இதே கரைச்சல்தான். கரை சேர்ந்ததென்றால் “மறுகரை ஈறாக” என்று எழுதுங்கள். அதற்குத்தானே அந்தச் சொல் இருக்கிறது. கரையால் வந்த கரைச்சல் கரையோடு போகட்டும்.

சிவபாலனுக்கு முப்பத்தொரு வயது. கல்யாணப் பேச்சை எடுத்தால், “அம்மா, பேஷன்ற் வெயிற் பண்ணுது” என்று ஃபோனை வைக்கிறான். நீங்கள் அங்கே போகும்போது மாமனாகக் கொஞ்சம் சொல்லுங்கள். நீங்கள் சொல்ல மாட்டீர்கள், தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

யோகா


மல்கிரேவ்
2 ஏப்ரல் 1975

அன்புள்ள யோகாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். பிறகு ஒல்லாந்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன்.

அதில் “t/m” என்று இருக்கிறது. ஒரு கோடும் இரண்டு எழுத்தும். ஒல்லாந்தர் இரண்டு விதமாக எழுதுவார்கள். வெறும் “வரை” ஒன்று. “வரை, அதுவும் உட்பட” ஒன்று. இரண்டாவதைச் சுருக்கினால் t/m. நீ சொன்ன “ஈறாக” அதுவேதான். தமிழில் “வரை” என்று நான் எழுதியபோது கரையும் சேர்ந்ததாகவே என் மனதில் இருந்தது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனபோது கரை கழன்று விழுந்துவிட்டது. “Up to” என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இது சிறிய விடயமல்ல. கரை என்றால் ஆற்றோர மரவரிசைக்கும் மேட்டு வீதிக்கும் இடைப்பட்ட நிலம் என்று ஒப்பந்தத்தின் முதற் பக்கத்தில் விளக்கம் இருக்கிறது. அந்த நிலத்தில் ஆறு வீடுகள் உள்ளன. நான் எழுதியபடி பார்த்தால், தண்ணீர் உயரும்போது படகு அவற்றுக்குப் போக முடியாது.

இன்னொரு சங்கடம். அச்சு முடிந்துவிட்டது. இருநூறு பிரதி. இரண்டு மாநிலத்திலும் கையெழுத்துக்குப் போய்விட்டது. இந்த வேலைக்கு என்னை எடுத்ததையே அலுவலகத்தில் சிலர் விரும்பவில்லை. “The Ceylon gentleman” என்று அவர்கள் சொல்லும் தொனி எனக்கு விளங்கும். இருந்தாலும் வியாழக்கிழமை கூட்டத்தில் சொல்லிவிடுகிறேன். ஒரு திருத்தத்தாள் ஒட்டினால் போதும்.

உனக்கு நான் கடமைப்பட்டவன்.

நித்தியானந்தன்


ஹோம்புஷ்
18 மே 1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

சிவபாலனிடம் ஒரு கிழமை நின்று வந்தேன். வீடு முழுக்கப் புத்தகமும் ஊத்தைச் சட்டையும். குசினியில் ஒரு சட்டிதான். “இதிலை என்ன சமைக்கிறாய்?” என்று கேட்டால், “முட்டை” என்கிறான். “வேற?” “அவிச்ச முட்டை.” மற்றபடி ஊரில் நல்ல பெயர். கடையில் ஒரு கிழவர் என் கையைப் பிடித்து, இவன் தன் வீட்டுக்கு மழையில் நடந்து வந்த கதையைச் சொன்னார். எனக்குப் பாதிதான் விளங்கியது. விளங்கியதே போதும்.

பின்னேரம் ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். பெரிய பெரிய யூகலிப்டஸ் மரங்கள், வரிசையாக. “இதுதான் மாமான்ர கரை” என்று சொல்லிச் சிரித்தான். “இனி நான் தண்ணியுக்கை விழுந்தாலும் பயமில்லை அம்மா. அந்தப் பக்கத்துப் படகு வரும். மாமா எழுதிப் போட்டார்.”

வியாழக்கிழமை என்ன நடந்தது? நீங்கள் எழுதவில்லை.

யோகா


மல்கிரேவ்
1 ஜூன் 1975

அன்புள்ள யோகாவுக்கு,

நீ சிவபாலனிடம் போய் வந்தது சந்தோஷம். இங்கு குளிர் தொடங்கிவிட்டது. இந்திரகுமார் எனக்கு ஒரு ஹீற்றர் வாங்கித் தந்தான்.

கையெழுத்து விழா சென்ற மாதம் தென்கரை ஊர் மண்டபத்தில் நடந்தது. இரண்டு மேயர்களும் பாலத்தின் நடுவில் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் பின்னால் நின்றேன். தென்கரைத் தீயணைப்பு நிலையத்துக்குப் பொறுப்பானவர் டொனலன் என்று ஒருவர். நல்ல மனிதர், ஆனால் சூடு கண்ட பூனை. மூன்று வருடத்துக்கு முன் அனுமதி இல்லாமல் வடகரையில் இறங்கி ஒரு தீயை அணைத்திருக்கிறார். கூரை விழுந்து அவருடைய ஆள் ஒருவருக்கு முதுகு முறிந்தது. எல்லைக்கு அப்பால் நடந்தது என்று காப்புறுதி ஒரு சதமும் கொடுக்கவில்லை. “இனி உங்கள் காகிதம்தான் எனக்கு வேதம். ஒரு கஜம் கூடவும் மாட்டேன், குறையவும் மாட்டேன்” என்று என்னிடம் சொன்னார்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் பல விடயங்கள் இருந்தன. நேரம் போதவில்லை. வருட முடிவில் ஒப்பந்தத்தை மீளப் பார்ப்பதாக இருக்கிறார்கள். அதுதான் பொருத்தமான இடம் என்று நினைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நித்தியானந்தன்


ஹோம்புஷ்
12 அக்டோபர் 1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

ரேடியோவில் மரே பெருகுகிறது என்கிறார்கள். சிவபாலனைக் கேட்டால், “ஒவ்வொரு வருஷமும் பெருகுறதுதான். உங்களுக்கு விசர்” என்கிறான். நீங்கள் அளவை ஆள்; அவனுடைய வீடு மேட்டில்தானே இருக்கிறது?

கேட்டு எழுதுங்கள்.

யோகா


மல்கிரேவ்
17 அக்டோபர் 1975

அன்புள்ள யோகாவுக்கு,

அவன் வீடு ஆற்று மட்டத்திலிருந்து நாற்பத்திரண்டு அடி உயரத்தில் இருக்கிறது. வரைபடத்தில் இரண்டு முறை பார்த்தேன். நீ பயப்பட ஒன்றுமில்லை.

நித்தியானந்தன்


ஹோம்புஷ்
30 நவம்பர் 1975

அண்ணாவுக்கு,

சிவபாலனின் முப்பத்தோராம் நாளும் முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். நீங்கள் மூன்று நாள் நின்றீர்கள். மூன்று நாளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. துக்கத்தில் சிலர் அப்படித்தான் என்று ரஞ்சினி சொன்னாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை. அவளுக்கு உங்களைத் தெரியாது.

அவன் வீடு மேட்டில்தான் இருந்தது. அவன் வீட்டில் இருக்கவில்லை.

எல்லாரும் அந்த டொனலனைத் திட்டுகிறார்கள். படகு மரங்களுக்குக் கிட்ட வந்து நின்றது, மனிசர் கத்தக் கத்த நின்றது என்று பேப்பரிலும் போட்டுவிட்டார்கள். அவருடைய வீட்டுக் கண்ணாடிக்கு யாரோ கல் எறிந்தார்களாம். நானும் திட்டினேன். ஒரு மாதமாகத் திட்டினேன்.

நேற்று உங்கள் பழைய கடிதங்களை எடுத்து அடுக்கினேன்.

படகு ஏன் மரத்தோடு நின்றது, அண்ணா?

யோகா


மல்கிரேவ்
14 டிசம்பர் 1975

யோகாவுக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து முறை தொடங்கிக் கிழித்தேன். ஒழுங்காக எழுதினால்தான் முடிக்க முடியும் என்று தோன்றுகிறது. ஆகவே நேரப்படி எழுதுகிறேன். என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

அக்டோபர் 26, ஞாயிறு. காலை பதினொரு மணிக்கு, ஆற்றோர நிலத்தில் தனியே இருந்த ஒரு கிழவருக்கு நெஞ்சுவலி என்று சிவபாலனுக்கு ஃபோன் வந்தது. உன் கையைப் பிடித்துப் பேசினார் என்று எழுதினாயே, அவர்தான். சிவபாலன் காரில் போனான். ஒரு மணிக்கு வீதியைத் தண்ணீர் மூடிவிட்டது. வடகரையின் படகு அன்று இருபது மைல் கீழே வேறு வேலையில் இருந்தது. ஒன்று நாற்பதுக்குச் சிவபாலனே தென்கரை நிலையத்துக்கு ஃபோன் எடுத்திருக்கிறான்.

இரண்டு இருபதுக்கு டொனலனின் படகு மரவரிசைக்கு வந்துவிட்டது. அங்கிருந்து வீடு எண்பது கஜம். டொனலன் என் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் படகிலேயே வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தார். மறுகரை வரை. மரங்கள்தான் கரையின் தொடக்கம். அதற்கு அப்பால் அவருடைய நான்கு ஆட்களுக்கும் காப்புறுதி இல்லை. நால்வருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். வயர்லெஸ்ஸில் வடகரை அதிகாரியிடம் அனுமதி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை. அதிகாரி வீட்டில் இல்லை. இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான்கு பத்துக்கு வீட்டின் விறாந்தை தூண்களோடு போனது. சிவபாலன் கிழவரைத் தோளில் பிடித்தபடி அதில் நின்றிருந்தான்.

நான்கு இருபத்தைந்துக்கு அனுமதி கிடைத்தது.

மார்ச் 20ஆம் திகதி நீ என்னிடம் கேட்டாய், கரை சேர்ந்ததா என்று. ஏப்ரல் 2ஆம் திகதி நான் பதில் எழுதினேன், சேர்ந்தது என்று. அது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான். வியாழக்கிழமைக் கூட்டத்தில் நேரம் போதாமல் இல்லை. “வேறு ஏதும் உண்டா?” என்று தலைவர் என் பக்கம் பார்த்துக் கேட்டார். என் கையில் திருத்தத்தாள் தட்டச்சு செய்து மடித்து இருந்தது. “No, sir” என்றேன். வேலை போய்விடும் என்று கூட நான் பயப்படவில்லை. அந்த அறையில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

பெப்ரவரியில் மரண விசாரணை. டொனலனைக் குற்றவாளியாக்கப் போகிறார்கள். நான் ஒல்லாந்துப் பக்கத்தையும் திருத்தத்தாளையும் கொண்டு போவேன். இதையும் முன்பு ஒரு முறை உனக்குச் சொன்ன மாதிரித்தான் சொல்கிறேன். நம்பு என்று கேட்கும் தகுதி எனக்கில்லை.

நித்தியானந்தன்


ஹோம்புஷ்
3 மார்ச் 1976

அண்ணாவுக்கு,

விசாரணைக்கு நான் வரவில்லை. நடந்ததை, அங்கே போயிருந்த எங்களூர்க் கேதீஸ்வரன் அண்ணை வந்து சொன்னார். நீங்கள் பேசினீர்களாம். “ஆருக்கும் கேக்கேல்லை, நீதவான் மூண்டு தரம் உரக்கச் சொல்லச் சொன்னவர். மூண்டாந் தரம் மனிசன் முழுக்கச் சொல்லி முடிச்சுது” என்றார். டொனலனை விட்டுவிட்டார்கள். அது சரியான காரியம். அவர் எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். நான்கு வரி. நானும் நான்கு வரி எழுதினேன்.

இரண்டு மாநிலமும் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்துவிட்டதாம். இப்போது படகு மரம் வரையும் வராது. அவன் செத்தும் ஒன்றும் ஆகவில்லை.

உங்களில் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுத வரவில்லை. நீங்கள் பிழை விட்டதற்குக் கோபமில்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனை பிழை பார்த்திருப்பேன். பிழை என்று தெரிந்தபின், நாற்பத்திரண்டு அடி என்று எனக்கு எழுதினீர்களே. அதை நான் எங்கே வைப்பது?

அவன் போய் ஒரு வருஷம் முடியும் ஆட்டத்திவசம் வரை எனக்கு எழுதவும் வேண்டாம், வரவும் வேண்டாம்.

யோகா


மல்கிரேவ்
15 நவம்பர் 1976

அன்புள்ள யோகாவுக்கு,

நீ கேட்டபடி எட்டு மாதம் எழுதவில்லை.

பஞ்சாங்கம் பார்த்துக் கணக்கிட்டேன். இந்திரகுமாரின் மனைவி கிரிஜாவையும் பார்க்கச் சொன்னேன். நவம்பர் பதின்மூன்று, சனிக்கிழமை. வெள்ளிக்கிழமையே ரயில் ஏறிவிட்டேன். வரலாமா என்று எனக்கு நிச்சயமில்லை. நீ “ஆட்டத்திவசம் வரை” என்று எழுதியிருந்தாய். அந்த நாளும் சேர்ந்ததா, சேராததா என்று கேட்க எனக்கு வழியில்லை. கேட்பதென்றால் எழுத வேண்டும். எழுதவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தாய்.

சனி பத்தரை மணிக்கு உன் வீட்டுக்கு முன் வந்தேன். ஐயர் தேவாரம் பாடுவது கேட்டது. கேற்றில் கை வைத்தேன். நாளும் சேர்ந்ததென்றால், நான் உள்ளே வருவது உனக்கு இன்னொரு வேதனை. சேராததென்றால் நீ யாரையாவது அனுப்பிக் கூப்பிடுவாய் என்று நினைத்தேன். எதிர்ப் பக்க நடைபாதையில் பன்னிரண்டே முக்கால் வரை நின்றேன். பிறகு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

என் மருமகனை நினைக்காத நாளில்லை. திருத்தத்தாளை இன்னும் வைத்திருக்கிறேன். எறியத் தெரியவில்லை.

இப்போது எழுதலாம் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். பிழையானால் மன்னி.

உன் அண்ணன்,
நித்தியானந்தன்


ஹோம்புஷ்
22 நவம்பர் 1976

அண்ணாவுக்கு,

நான் தமிழ் படிப்பித்தவள். ஈறாக என்று எழுத நினைத்திருந்தால் ஈறாக என்று எழுதியிருப்பேன்.

பத்தரை மணிக்கு நீங்கள் கேற்றில் கை வைத்ததை ஜன்னலால் கண்டேன். வாசலைத் திறந்து விட்டேன். எதிர்ப் பக்கம் போய் நின்றீர்கள். ரஞ்சினி, “அன்ரி, அங்கிளைக் கூப்பிடட்டோ?” என்று கேட்டாள். “வேண்டாம். வாறதெண்டால் வருவார்” என்று சொன்னேன். ஒருவரும் கூப்பிடாமல் ஒரு தரம் நீங்கள் வர வேண்டும் என்று இருந்தது. அது ஒன்றுதான் இந்த வருஷம் முழுக்க எனக்கு இருந்தது.

படையலுக்குப் பின் மாமன் பங்குக்கு ஒரு கோப்பை சோறு போட்டு உங்கள் கதிரைக்கு முன் வைத்தேன். நீங்கள் வீதியில் நின்றீர்கள். நான் உள்ளே இருந்தேன். பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்பி நடந்தீர்கள்.

சோறு ஆறிவிட்டது. எடுத்துக் காகத்துக்கு வைத்தேன்.

யோகா